டாக்டர் சுரண்டிய கறை

"இதுல ஒரு மயிரும் இல்ல, டீச்சர்," என்றார் டாக்டர் கனகசபை.

அவர் யாரையும் திட்டவில்லை. முப்பத்து நான்கு வருடம் பல் பிடுங்கியவர். வலி தாங்காமல் விரலைக் கடித்தவர்களிடம்கூட அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. இப்போது நேர் அர்த்தத்தில்தான் சொன்னார். கல்லில் மயிர் இல்லை, அவ்வளவுதான்.

ரஞ்சிதம் டீச்சரும் நேர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டார்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"எட்டு மாசமா அதைத்தானே பாக்குறேன்?"

டீச்சருக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. கல்லுக்குள் கிடக்கும் பழைய எலும்புகளை ஊசியால் சுரண்டி வெளியே கொண்டுவருவது டீச்சரின் வேலை. ஓய்வு பெற்ற டாக்டர், இனிமேல் வாயை மூடாத, அலறாத நோயாளிதான் வேண்டும் என்று அவரிடம் வந்து சேர்ந்திருந்தார்.

அந்த நோயாளி மேசைமேல் கிடந்தது. பறவைகளுக்கு முந்தியே பறக்கத் தொடங்கிய ஊர்வன இனம். பறவையும் இல்லை, வௌவாலும் இல்லை. ஒரே ஒரு விரல் நீளமாக வளர்ந்து, அதில் தோல் விரிந்து இறக்கை ஆகியிருந்தது. அதே கல்லில், ஒரு சாண் தள்ளி, சின்ன மீன் ஒன்றும் செத்துக் கிடந்தது.

பல்லி மாதிரி வெறுந்தோலோடு பறந்ததா, மேலே மயிர் போர்த்திக்கொண்டு பறந்ததா? வேறு தேசத்துக் கற்கள் சிலவற்றில் மயிர் போன்ற இழைகள் தெரிந்திருக்கின்றன. இந்தக் கல் என்ன சொல்கிறது என்று கேட்டு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது.

உடல் போர்வை: உண்டு / இல்லை. அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஓர் இடம்.

டாக்டர் போடாத கையெழுத்தா? மருந்துச் சீட்டுகளே மூட்டை கட்டலாம். ஆனால் இந்த ஒரு கையெழுத்துக்காக அவர் ஏங்கிப்போயிருந்தார். செத்த பிறகும் தன் பேர் ஏதாவது ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை. படிவத்தை வாங்கிப்போக மதியம் ஆள் வருகிறது. டாக்டர் டிக் அடிப்பதைப் பார்த்துத்தான் அருங்காட்சியக ஓவியர் அந்தப் பிராணிக்கு உடம்பு வரைவார்.

"எங்க வெச்சு வேலை பாத்தீங்க?"

"என் பழைய கிளினிக்லதான். பல்லு பாக்குற லைட்டு நேரா மேல இருந்து அடிக்கும். ஒண்ணும் ஒளிஞ்சுக்க முடியாது."

"முடிச்சிட்டுக் காட்டுறேன்னீங்க."

"வலப் பக்கம் முடிஞ்சிருச்சு. இடப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா அங்க மட்டும் புதுசா என்ன வந்துரப் போவுது?"

வலப் பக்கம் உண்மையிலேயே அழகாக இருந்தது. வெள்ளைக் கல்லில் எலும்பு மட்டும். இடப் பக்கம் வெற்றிலை போட்ட வாய் மாதிரி பழுப்பேறிக் கிடந்தது.

"வலப் பக்கத்துல என்னத்தை எடுத்தீங்க?"

"கல்லை எடுத்தேன். அப்புறம் கறை."

"கறை எங்கெங்க இருந்துச்சு?"

"கழுத்துல. மார்ல. தோள்பட்டையில."

"அலகுல?"

"இல்ல."

"மீனுல?"

"மீனுல சுத்தமா இல்ல."

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வெறுங்கல்லுல?"

டாக்டர் அலகுக்கும் மீனுக்கும் நடுவே விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அங்கயும் இல்ல," என்றார் பிறகு.

"கறை ஆள் பாத்துப் பிடிச்சிருக்கு," என்றார் டீச்சர்.

எழுந்துபோய் விளக்கை அணைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார். ஒரு டார்ச்சை எடுத்து, கல்லின் விளிம்போடு விளிம்பாகப் படுக்கவைத்து, இடப் பக்கத்தின்மேல் சாய்வாக வெளிச்சம் விட்டார்.

டாக்டர் குனிந்தார். முதலில் பழுப்பு மட்டும்தான். பிறகு அதற்குள் ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. கழுத்திலிருந்து தோள்வரை ஆயிரக்கணக்கில், நகத்தின் நீளம்கூட இல்லாத இழைகள். பூனையைத் தடவிவிட்டதுபோல எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தன.

"இருக்கு," என்றார். சந்தோஷத்தில் குரல் உடைந்தது. "டீச்சர், இருக்கு."

டீச்சர் டார்ச்சை மெல்ல வலப் பக்கம் நகர்த்தினார்.

எலும்பும் வெள்ளைக் கல்லும்தான் தெரிந்தன.

கனகசபை கை வைத்தால் கறை நிற்காது என்று ஊரில் அவருக்குப் பேர். அந்தப் பேரை இங்கேயும் காப்பாற்றியிருந்தார்.

"சுரண்டுன தூளு எங்க?"

"அப்பப்ப வாயால ஊதிட்டேன்."

முக்காலியில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? வெள்ளையில பழுப்பைக் கண்டா எனக்குக் கை நிக்காது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல டீச்சர். வேற ஆளைப் பாருங்க."

டீச்சர் ஜன்னல்களைத் திறந்தார். மேசை இழுப்பறையிலிருந்து சில புகைப்படங்களை எடுத்து, கல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தார்.

எல்லாம் அதே இனம். வெவ்வேறு கற்கள். பதினொன்று.

அந்த நிலைமையிலும் டாக்டரால் வியக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை. விரல் நுனி எலும்புகூட நேற்று வைத்ததுபோல இருந்தது.

"யாரோட கை இது?"

"என்னோடதுதான். இந்த வேலைக்கு வந்த புதுசுல பண்ணினது. மாலை எல்லாம் போட்டாங்க."

"இதே படிவம் அப்பவும் வந்துச்சா?"

"பதினொண்ணுக்கும் வந்துச்சு. பதினொண்ணுக்கும் 'இல்லை'ன்னு டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டேன்."

டாக்டர் படங்களை மறுபடியும் பார்த்தார். இந்தத் தடவை எலும்பைப் பார்க்கவில்லை. எலும்பைச் சுற்றி இருந்த வெள்ளையைப் பார்த்தார்.

"இதுக்கெல்லாம் மயிர் இருந்துச்சா, டீச்சர்?"

"தெரியாது டாக்டர். அவ்வளவு சுத்தமாப் பண்ணிட்டேன்."