பொங்கி வழிந்த மாவு

மூங்கில் மண்டிய ஒரு காட்டில், பிள்ளைகளே, ஆப்பம் சுடும் கரடி ஒன்று இருந்தது. அதன் கைப்பக்குவமெல்லாம் ஒரு மண்பானைக்குள் இருந்தது. பானையில் புளித்த மாவு. தினமும் பாதியை எடுத்து ஆப்பம் சுடும். மீதிப் பாதியில் புதிதாக அரைத்த மாவைக் கலந்து வைக்கும்; அதுதான் புளித்த மாவுக்குத் தீனி. விடிந்தால் பானை நுரைத்துப் பொங்கி நிற்கும்.

அடைமழை பிடித்தது. ஆப்பம் தின்ன ஒருவரும் வரவில்லை. ஆனால் மழை விட்ட மறுநாள் காடே கரடி வீட்டில்தான் சாப்பிடும். அது அங்கே வழக்கம். பொந்திலும் குகையிலும் அரை வயிறாகக் கிடக்கும் குட்டிகளெல்லாம் அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

"அதுவரைக்கும் ஒரு கரண்டி மாவுகூட எடுக்கப் போவதில்லை. பானை நிறையச் சேர்த்து வைக்கிறேன்," என்றது கரடி.

பக்கத்து மரத்து அணில் வந்தது. "கரடி அண்ணே, ஒரு கை மாவு கொடுங்களேன். நானும் வீட்டில் புளிக்க வைத்துக்கொள்கிறேன்."

"இன்றைக்கு ஒரு கை கேட்பாய், நாளைக்குப் பானையையே கேட்பாய். போ, போ."

இரண்டே நாளில் மாவு பொங்கி வாசல் கல்லில் வழிந்தது. கரடி பதறிப்போய் மூடியை அழுத்தி அதன்மேல் ஒரு பாறாங்கல்லை வைத்தது. வழிந்ததை அணில் சிரட்டையில் வழித்துக்கொண்டு போனது.

"சிந்தினதைப் பொறுக்குது பார்," என்று கரடி சிரித்தது.

நாளாக ஆக வீட்டில் அரிசி குறைந்தது. கரடி தினமும் மூடியை லேசாக நகர்த்தி, ஒரே ஒரு பிடி புது மாவைப் போட்டு மூடிவிடும்.

ஒருவழியாக மழை விட்டது. கரடி ஆசையோடு கல்லைப் புரட்டித் தள்ளி மூடியைத் திறந்தது. நுரையே இல்லை. மேலே கறுத்த தண்ணீர், குடலைப் பிடுங்கும் நாற்றம். அத்தனை மாவுக்கும் ஒரு பிடி எந்த மூலைக்கு? பாவம், மாவு பட்டினியிலேயே செத்திருந்தது.

கரடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையில் குட்டிகள் வந்து நிற்குமே! வேறு வழியில்லாமல் அணிலின் மரத்தடிக்குப் போனது.

"எந்த முகத்தோடு கேட்பேன், தங்கச்சி? என் மாவு செத்துப்போச்சு."

அணில் சிரட்டையை இறக்கியது. மாவு குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"பாதி எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணே."

"பாதியா? உனக்குக் குறைந்துவிடாதா?"

"பாதியை எடுத்தால்தானே மீதிக்கு வயிறாரத் தீனி கிடைக்கும்? தினமும் யாருக்காவது கொடுத்துவிடுவேன். இன்றைக்கு யாருக்குக் கொடுப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

கரடி வீட்டுக்கு ஓடியது. பானையைத் தேய்த்துக் கழுவி, மிச்சமிருந்த அரிசியையெல்லாம் அரைத்து, அணில் கொடுத்த மாவைக் கலந்தது. விடியும்போது பானை பொங்கி நின்றது. குட்டிகள் வயிறு முட்டத் தின்றன.

கிளம்பிய ஒவ்வொருவர் கையிலும் கரடி ஒரு சிரட்டை மாவைத் திணித்தது. "வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் வாங்கிக்கொண்டால்தான் என் பானை பிழைக்கும்."

நீதி: யாருக்கும் கொடுக்காமல் பொத்தி வைத்தது தனக்கே உதவாமல் போகும், பாதியைப் பிறருக்குக் கொடுப்பவர் பானைதான் நாளும் பொங்கும்.