மூங்கில் தடுப்புக்கு எந்தப் பக்கம்?

முன்னொரு காலத்தில் குவளைநாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் தோன்றியதை மத்தியானம் சட்டமாக்கி, சாயங்காலம் மறந்துவிடுகிற ஆள். அந்த வருஷம் அவனுக்கு அன்னப்பறவை வளர்க்க ஆசை வந்தது. மூன்றே மூன்று அன்னங்கள். அவை நீந்த அரண்மனைக்குள் தடாகம் வெட்டி, ஊர் ஏரியின் தண்ணீரை மதகோடு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஊரில் கிணறெல்லாம் வற்றிப்போக, ஜனங்கள் காலிக் குடங்களோடு கோட்டை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அமைச்சர் சோலையப்பருக்கு இரண்டு பக்கமும் இடி. குடம் தூக்கி வந்தவர்களின் தெருவில் பிறந்தவர் என்பதால் சபையில் யாரும் அவர் பக்கத்தில் உட்காருவதில்லை. அமைச்சர் என்பதால் தெருவில் யாரும் பேசுவதில்லை. மனைவி போய் ஏழு வருஷம். வீட்டில் அவர் இருமினால் அவருக்கே திருப்பிக் கேட்கும். மிச்சமிருந்த சொந்தம் தங்கை பூங்காவனம் ஒருத்திதான். மதகைத் திருப்பிய அன்றைக்கு, "சபையில உக்காந்து என்னத்தைக் கிழிச்சே?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவள், பிறகு திறக்கவேயில்லை. இப்போது செப்புக் குடத்தோடு கூட்டத்தின் முதல் வரிசையில் இருந்தாள்.

கூட்டத்தை அடக்கும் பொறுப்பு தளபதி வச்சிரபாகுவுடையது. மீசைக்கு எண்ணெய் போடும் நேரத்தில் பாதியை யோசிக்கச் செலவிட்டிருந்தால் அவன் நாட்டுக்கே உபயோகப்பட்டிருப்பான். முதல் நாள் வாசலை ஒட்டி மூங்கில் தடுப்புக் கட்டினான். இரண்டாம் நாள் வலமும் இடமும் கட்டினான். மூன்றாம் நாள் பின்பக்கத்தையும் அடைத்துவிட்டு, "எல்லோரும் கலைந்து போங்கள்!" என்று முரசறைந்தான். எந்த வழியாகப் போவது என்று ஒருவர் கேட்டதற்கு, "வாயை மூடு" என்று பதில்.

அன்று சாயங்காலம் சோலையப்பர் தடுப்பை ஒட்டித் தனியாக நடந்துபோனார். வீரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜனங்கள் முகத்தைத் திருப்பினார்கள். அப்போதுதான் அவர் பார்த்தார். கூட்டத்தோடு ஒரு பசுவும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு காவல்வீரன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மூங்கில் இடுக்கு வழியாக அதற்கு மட்டும் காட்டிக்கொண்டிருந்தான். பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்தாலும், அடைத்தவன்தான் அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். அதை யாரும் மீறமாட்டார்கள்.

பூங்காவனம் அண்ணனைப் பார்க்கவில்லை. பசுவிடம்தான் பேசினாள். "நீ குடுத்து வெச்சவடி. உனக்காவது சட்டம் இருக்கு. எனக்கு அண்ணன்தான் இருக்கான்."

சோலையப்பர் வாசல் சுவரிலிருந்த பழைய கல்லெழுத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சபையில் ராஜா எரிந்து விழுந்தான். "வாசலில் இரைச்சல்! என் அன்னங்கள் இரை எடுக்கவில்லை!"

"உத்தரவு கொடுங்கள் பிரபு. யானைகளை விட்டால் மாலைக்குள் வாசல் சுத்தம்" என்றான் வச்சிரபாகு.

"சோலையப்பரே, உமக்கு வேறு வழி தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? வெளியே இருப்பது அவர் தெரு ஆயிற்றே!" என்றான் தளபதி. சபை சிரித்தது.

முதல் வரிசைச் செப்புக் குடம் சோலையப்பரின் கண்ணில் வந்து போயிற்று. "மாலைக்குள் கூட்டம் தானாகப் போகும் மகாராஜா. போகாவிட்டால் யானைக்கு முன்னால் என்னையும் நிறுத்துங்கள். ஒன்றே ஒன்று. வாசல் சுவரில் உங்கள் பாட்டனார் வெட்டிவைத்த கல்லைத் தினமும் கும்பிடுவீர்களே? மூன்று நாளாகக் கும்பிடவில்லை. வாருங்கள்."

பாட்டனார் என்றால் ராஜா உருகிவிடுவான். வந்தான். சோலையப்பர் கல்லை உரக்கப் படித்தார். "வாயுள்ள ஜீவனை அடைப்பவன், அவிழ்த்துவிடும்வரை தன் கையால் தண்ணீர் காட்டக் கடவன்."

"அது மாட்டுக்கு!" என்றான் தளபதி.

"மாடு என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள். இந்த ஆயிரம் பேருக்கும் வாய் இருக்கிறது. மூன்று நாளாக நாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்?"

"நான் இவர்களை அடைக்கவே இல்லை! அரண்மனைக்குப் பாதுகாப்பாகத் தடுப்புப் போட்டேன்."

"அப்படியா? கோட்டைக்கு இருப்பது ஒரே வாசல். அதன் குறுக்கே உங்கள் மூங்கில். அவர்கள் அடைபடவில்லை என்றால், அடைபட்டிருப்பது மகாராஜா. ராஜாவை அடைத்தவனுக்கு என்ன தண்டனை? தளபதிதானே, நீங்களே சொல்லுங்கள்."

ராஜா மெதுவாகத் தளபதி பக்கம் திரும்பினான். தளபதி மெதுவாக வாளியைக் கையில் எடுத்தான்.

தண்ணீர் தடாகத்தில் மட்டும்தான் இருந்தது. மொண்டு, முந்நூறு அடி நடந்து, மூங்கில் இடுக்கு வழியாக ஊற்ற வேண்டும். அன்னங்கள் ஒவ்வொரு நடைக்கும் அவன் காலைக் கொத்தின. உச்சி வெயிலுக்குள் முப்பது குடம்கூட நிறையவில்லை. மீசை இரண்டு பக்கமும் தொங்கிப்போயிற்று.

"பிரபு!" என்று காலில் விழுந்தான். "தடுப்பை அவிழ்த்து மதகை ஏரிப் பக்கமே திருப்பிவிடுங்கள். அவர்களே போய் மொண்டுகொள்ளட்டும்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். மதகு திரும்பியது. "அன்னங்களும் ஏரியிலேயே நீந்தட்டும். அவற்றை மேய்ப்பது இனித் தளபதியின் வேலை" என்று சொல்லி, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சோலையப்பருக்குப் போட்டான்.

கூட்டம் ஏரிக்கு ஓடியது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாகத்தில் இருப்பவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் தப்பு. ராஜா சாப்பிடப் போனான். அவிழ்த்துப் போட்ட மூங்கில்களுக்கு நடுவே முத்துமாலையோடு அவர் ஒருவர் மட்டும் நின்றார். அந்தப் பெரிய வாசல் அவர் வீடு மாதிரியே இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். பூங்காவனம்.

"குடம் மூங்கில் அடியில மாட்டிக்கிச்சு. அந்த முனையைத் தூக்கு."

தூக்கினார். அவள் இந்த முனையைத் தூக்கிக் குடத்தை இழுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தடி போனாள். நின்றாள். திரும்பவில்லை.

"தண்ணி வந்ததும் உலை வெப்பேன். வந்தா வா. அந்த மாலையை மட்டும் கழட்டிட்டு வா, தெருவே சிரிக்கும்."

சோலையப்பர் அதைக் கழற்றி மூங்கில் நுனியில் மாட்டிவிட்டு ஏரிப் பக்கம் நடந்தார்.