திரைக்கு மேலே தெரிந்த ராஜா

முன்னொரு காலத்தில், கண்ணால் கண்டதெல்லாம் மெய் என்று ராஜாக்கள் நம்பியிருந்த காலத்தில், சந்தன பூபதி என்றொரு மன்னர் நாடாண்டு வந்தார். நல்லவர். கொஞ்சம் குள்ளம். ஆனால் குள்ளத்தைவிடப் பெரிய குறை ஒன்று அவருக்கு இருந்தது. கணக்கு காதில் விழுந்தால் தூக்கம் வந்துவிடும். மந்திரிகள் ஓலையைப் பிரித்து, "யானைகள் முந்நூற்று நாற்பது, குதிரைகள் ஆயிரத்து..." என்று ஆரம்பித்ததுமே சிம்மாசனத்திலிருந்து குறட்டை கிளம்பும்.

ஒருநாள் அப்படித் தூங்கி விழுந்ததில் கிரீடம் கழன்று, படிகளில் உருண்டு, புரோகிதரின் காலடியில் போய் நின்றது. சபையே உதட்டைக் கடித்துக்கொண்டது. ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனி இந்தச் சபையில் எவரும் எண்ணைச் சொல்லக் கூடாது! நாட்டு நிலவரம் எதுவானாலும் என் கண்ணுக்குக் காட்டுங்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்க வேண்டும். மீறி எண்ணைச் சொல்பவர் வாயில் ஒரு கரண்டி வேப்பெண்ணெய் ஊற்றப்படும். இது என் ஆணை!"

புரோகிதர் பதறி எழுந்தார். "மகாராஜா, ஒரு விண்ணப்பம்..."

'ஒரு' என்பதும் எண்தானே? காவலன் ஊற்றிவிட்டான். அந்த விண்ணப்பம் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. 'எண் சொன்னால் எண்ணெய்' என்று மட்டும் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

மறுநாள் சேனாதிபதி, யானைப்படையின் நிலவரத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறேன் என்று யானைகளையே சபைக்குள் ஓட்டி வந்தார். அவை வாழைமரத் தோரணங்களைத் தின்று தீர்த்தன. வைத்தியர் நாட்டில் ஜலதோஷம் பரவியிருப்பதைக் காட்ட நோயாளிகளைக் கூட்டி வந்தார். அவர்கள் ராஜாவின் முகத்துக்கு நேரே தும்மிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் களஞ்சிய மந்திரி வல்லபராயர் முன்னால் வந்தார். ஆள் நல்ல உயரம், மீசை அதைவிடப் பெரிது. அவருக்கு வெகுநாளாக ஒரு மனப்புழுக்கம். கணக்கு சொல்லும்போதெல்லாம் தூங்கிவிடும் ராஜா, சபை விகடன் ஏகாம்பரம் வாயைத் திறந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்கிறாரே என்று.

"மகாராஜா, களஞ்சியத்தைச் சுவரில் காட்டுகிறேன். காணுங்கள்" என்று பட்டுத்திரையை விலக்கினார்.

சுவரில் அருகருகே நெற்குதிர்கள். போன வருஷத்து விளைச்சல் என்று காட்டிய குதிர் முழங்கால் உயரம். இந்த வருஷத்துக் குதிரோ ராஜாவின் தலைக்கு மேலே போயிருந்தது. உச்சியில் கிளி உட்கார்ந்து நெல் கொறிப்பது போலக் கூட எழுதியிருந்தார்கள்.

ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. கண் அகல விரிந்தது. "என் ஆட்சியில் பூமி இப்படியா பொங்கியிருக்கிறது!"

"பொங்கி வழிகிறது, மகாராஜா. குடிகள் வீட்டில் நெல் வைக்க இடமில்லாமல் தவிக்கிறார்கள். அரண்மனைக்குச் சேரவேண்டிய பங்கையும் இந்த நெற்குதிர் போலவே உயர்த்திவிட்டால் அவர்களுக்கும் பாரம் குறையும்" என்றார் ராயர்.

"அப்படியே ஆகட்டும்! நாளை மதியம் முரசறையுங்கள்!"

செய்தி அரண்மனை வாசலைத் தாண்டியதுமே, வைக்கோல் வண்டி ஓட்டி வந்திருந்த பேச்சாயி என்ற விவசாயப் பெண் விறுவிறுவென்று சபைக்குள் நுழைந்துவிட்டாள். கையில் இன்னும் மாடு ஓட்டும் தார்க்குச்சி இருந்தது.

"சாமி! இது அடுக்குமா? எங்க ஊர்ல போன வருசம் நூறு கலம்..."

எண்ணெய்க் கரண்டி வாய்க்குள் போனது. பேச்சாயி அதை விழுங்கிவிட்டு, "கசப்பு என்ன புதுசா" என்று மறுபடி ஆரம்பித்தாள். "நூறு கலம் வெளஞ்ச எடத்துல..." மறுபடியும் கரண்டி. மூன்றாவது தடவை அவளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள்.

ஏகாம்பரம் எழுந்து நின்றான். "மகாராஜா, அந்தச் சுவர் பொய் சொல்கிறது."

ராயர் சிரித்தார். இதற்காகத்தானே காத்திருந்தார். "பொய்யென்றால் நிரூபிக்கட்டும், மகாராஜா. தங்கள் ஆணைப்படி எண்ணைச் சொல்லாமல் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி நாட்டை விட்டுத் துரத்த வேண்டும்."

"நியாயம்தான்" என்றார் ராஜா. "நாளை மதியம்வரை உனக்கு நேரம், ஏகாம்பரம்."

விகடம் செய்பவனுக்கு நாக்குதான் ஆயுதம். அதையே கட்டிப்போட்டால் என்ன செய்வான்? வாசலில் உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த பேச்சாயியிடம் போனான் ஏகாம்பரம்.

"எவ்வளவுதான் விளைஞ்சுதும்மா?"

"நூறு கலம் வெளஞ்ச எடத்துல இந்த வருசம் நூத்தஞ்சு, அய்யா. அம்புட்டுத்தான். அந்த அஞ்சுக்கா மலை மாதிரி எழுதி வச்சிருக்காக? முரசு அடிச்சிட்டா வெதநெல்லக் கூட அள்ளிக் குடுத்துட்டு நாங்க புல்லத்தான் திங்கணும்."

அங்கிருந்து நேரே, அந்தச் சுவரை வரைந்த சித்திரக்காரர் காத்தமுத்துவின் கூடத்துக்குப் போனான். அவர் வெற்றிலை மென்றுகொண்டே தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்யட்டும், விகடரே? நெற்குதிர் முழுசையும்தான் வரையப் போனேன். ராயர் விடலை. 'அடிப்பக்கம் ரெண்டுக்கும் ஒண்ணுபோலத்தானே இருக்கு, அதை எதுக்கு வரையறே? மேல் நுனியை மட்டும் எடுத்துப் பெருசா வரை'ன்னு சொல்லிட்டார். நெல் அளவு அவர் குடுத்ததுதான். நான் கூட்டலை, குறைக்கலை."

ஏகாம்பரம் சித்திரக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு எனக்கும் அதே மாதிரி வரைந்து தருவீரா? அதே முறை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. வாசலில் கழுதை தயாராக நின்றது. அதன் பக்கத்திலேயே யானைமேல் முரசு.

"மகாராஜா, நானும் சித்திரம் காட்டப்போகிறேன்" என்றான் ஏகாம்பரம். "தங்களுடைய உயரத்தையும் ராயருடைய உயரத்தையும் சுவரில் காட்ட வேண்டும். தயவுசெய்து இந்தத் திரைக்குப் பின்னால் அவரோடு நில்லுங்கள். கிரீடம் தங்கள் உயரத்தில் சேராது, அதை இப்படிக் கொடுங்கள். வாளும் வேண்டாம், திரை கிழிந்துவிடும்."

ராஜாவும் ராயரும் திரைக்குப் பின்னால் போய் நின்றார்கள். பணியாட்கள் திரையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"இன்னும் மேலே" என்றான் ஏகாம்பரம். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும்."

இப்போது திரைக்கு மேலே ராஜாவின் குடுமி நுனி மட்டும் தெரிந்தது. ராயருக்கோ நெற்றி, கண், மூக்கு, மீசை எல்லாமே தெரிந்தன. காத்தமுத்து தெரிந்ததை மட்டும் அளந்து, அதைச் சுவர் நிறையும்படி பெரிதாக்கி வரைந்தார்.

ராஜா வெளியே வந்து பார்த்தார். சுவரில், கூரையை முட்டிக்கொண்டு ராட்சச மீசையோடு ராயர். அவருக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் கறுப்பாக ஏதோ கிடந்தது.

"இது என்ன, கத்தரிக்காயா?"

"தாங்கள்தான், மகாராஜா."

எங்கோ பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள். ராயரின் முகம் வெளிறியது. ராஜாவின் கை இடுப்புக்குப் போனது. வாளைக் காணோம். அது ஏகாம்பரத்தின் கக்கத்தில் இருந்தது.

"அயோக்கியனே! ராயர் என்னைவிட ஒரு சாண் உயரம். வெறும் ஒரு சாண்! அதற்கு இவ்வளவா?"

பழக்கதோஷத்தில் காவலன் கரண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். யாரை நோக்கி வருகிறோம் என்று தெரிந்ததும் பாதியில் சிலையாக நின்றான்.

ஏகாம்பரம் கைகூப்பினான். "பார்த்தீர்களா, மகாராஜா? உண்மையைச் சொல்லத் தங்களுக்கே எண் தேவைப்படுகிறது."

ராஜா சித்திரத்தைச் சுட்டிக் கேட்டார். "என் கழுத்து எங்கே? மார்பு எங்கே? கால் எங்கே?"

"திரைக்குப் பின்னால், மகாராஜா. அந்த இடத்தில் தாங்களும் ராயரும் சமம்தானே. சமமாக இருப்பதை எதற்கு வரைய வேண்டும்? மேலே துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் வரைந்தால் போதாதா? இது என் சொந்தச் சரக்கு அல்ல. களஞ்சியத்துக்கு ராயர் கற்றுக்கொடுத்த முறை."

ராஜா மெல்லத் திரும்பி நெற்குதிர்களைப் பார்த்தார். முழங்கால் உயரத்தையும் பார்த்தார், கிளியையும் பார்த்தார். "காத்தமுத்து! அவற்றைத் தரையிலிருந்து வரையும். அடியும் தெரியட்டும்."

சித்திரக்காரர் மறுபடியும் வரைந்தார். குதிர்கள் தோளோடு தோள் நின்றன. இந்த வருஷத்துக் குதிர் அண்ணன், போன வருஷத்தது தம்பி என்று சொல்லும்படியாக மட்டும் வித்தியாசம். கிளிக்கு உட்கார இடமில்லை.

"அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள்" என்றார் ராஜா.

பேச்சாயி கரண்டியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "எண்ணிக்கைய சொல்லலாமா சாமி?"

"சொல் தாயே."

அவள் சொன்னாள். தன் ஊர்க் கதை, பக்கத்து ஊர்க் கதை, மழை தவறிய வயல், பூச்சி தின்ற வயல், எல்லாவற்றையும் கலம் கலமாகச் சொன்னாள். ராஜா ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை.

ராயர் எழுந்தார். "மகாராஜா, ஒரே ஒரு சின்னப் பிழை..."

ஆணை இன்னும் அமலில்தான் இருந்தது. 'ஒரே' என்பதற்கு ஒரு கரண்டி, 'ஒரு' என்பதற்கு ஒரு கரண்டி என்று காவலன் கணக்காக ஊற்றினான். அதைப் பார்த்துவிட்டுத்தான் ராஜா அந்த ஆணையை நீக்கினார். பங்கு பழையபடியே இருக்கும் என்றும், யானைமேல் இருக்கும் முரசை இறக்குங்கள் என்றும் சொன்னார். அடுத்த அறுவடை முடியும்வரை வல்லபராயர் பேச்சாயியின் ஊரில் தங்கி, சேற்றில் இறங்கி, விளைச்சலைத் தன் கண்ணாலேயே பார்த்து வரவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

எல்லாம் முடிந்ததும் ராஜா ஏகாம்பரத்தை அருகே அழைத்தார். "சபை நடுவே என்னைக் கத்தரிக்காய் ஆக்கினாயே. உனக்குப் பயமே இல்லையா?"

"பயம் இல்லாமலா, மகாராஜா? திரை கிழிந்துவிடும் என்றா வாளை வாங்கி வைத்தேன்? என் கழுத்து கிழிந்துவிடும் என்றுதான்."

ராஜாவின் தோள்கள் குலுங்கின. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்படியானால் அது உன்னிடமே இருக்கட்டும். இனி எப்போது உண்மை சொல்ல நேர்ந்தாலும் என் வாளைக் கையில் வைத்துக்கொண்டே சொல்" என்று, தங்கப்பிடி போட்ட அந்த வாளைத் தாமே அவன் இடுப்பில் கட்டிவிட்டார்.

வாள் ஏகாம்பரத்துக்கு நீளம் அதிகம். மூன்று அடி வைப்பதற்குள் கால் இடறிக் குப்புற விழுந்தான். எழுந்து, நிமிர்ந்து, மறுபடியும் விழுந்தான். ராயரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பேச்சாயி வண்டியைக் கோட்டை வாசலுக்கு வெளியே ஓட்டிப் போகும்போதுகூட, உள்ளே ராஜா சிரிக்கும் சத்தம் அவர்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.