பாகற்காய்க் குடம்

பூங்கரை மன்னர் தென்னவராயருக்கு மனிதர்களைவிடக் குடத்தின் மேல் நம்பிக்கை அதிகம். வழக்கு வந்தால், நடுவராக விரும்புபவர்கள் பெயர் எழுதித் தரும் ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்த ஐந்து பேரை நடுவர்களாக உட்கார வைப்பார். ஐவரும் தவறாமல் வடக்குத் தெருக்காரர்களாகவே இருப்பார்கள். ஆற்றுக்கு அக்கரையில் மலைக்குடிகள் ஏராளம். அவர்களில் ஒருவர் பெயர்கூட வந்ததில்லை.

இந்த முறை வழக்கு அக்கரைப் பரிசல்காரன் மசணன் மேல். வடக்குத் தெரு நிலக்கிழாரின் காளைக்கன்றைத் திருடிவிட்டானாம். குற்றம் உறுதியானால் குடும்பத்தோடு நாடு கடத்தல். குடத்திலிருந்து வந்த ஐவரில் மூவர் நிலக்கிழாரின் மைத்துனர்கள்.

அவைப்புலவர் குழைக்காதருக்கு மனசு பொறுக்கவில்லை. மசணனின் பரிசலில் அடிக்கடி அக்கரை போய்வருபவர் அவர்.

"மன்னா, ஓலையெல்லாம் ஒரே கரையாக இருக்கிறதே."

"குடத்துக்குக் கண் உண்டா புலவரே? அதற்கு இக்கரை ஏது, அக்கரை ஏது?"

"உண்மைதான். இவ்வளவு நேர்மையான குடத்தை வழக்குக்கு மட்டும் வைத்திருப்பது வீண். தங்கள் சாப்பாட்டையும் அதுவே தீர்மானிக்கட்டும். வழக்கு சில நாள் காத்திருக்கட்டும்."

மன்னருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. ஏற்பாட்டையும் புலவரிடமே விட்டார்.

முதல் நாள் பாகற்காய் வந்தது. மறுநாளும் பாகற்காய். அதற்கடுத்த நாள் மன்னர் தம் கையாலேயே ஓலை எடுத்தார். பாகற்காய்.

"குடத்துக்குக் கண் இல்லை மன்னா," என்றார் குழைக்காதர், இலையைப் பார்த்தபடி.

மன்னர் எழுந்து போய்க் குடத்தைக் கவிழ்த்தார். எல்லா ஓலையிலும் பாகற்காய். மடைப்பள்ளித் தலைவரைக் கூப்பிட்டார்.

"எந்தக் காய் விற்பவரும் ஓலை போடலாம் என்று முரசு அறைந்தோம் மன்னா. புலவர் சொன்னபடி மடைப்பள்ளி வாசலில் மட்டும் அறைந்தோம். அங்கே பாகற்காய்க்காரர் ஒருவர்தான் இருக்கிறார்."

"கத்தரிக்காய்க்காரன் காதில் விழாமல் அறைந்துவிட்டு, அப்புறம் எவ்வளவு குலுக்கி என்ன? போட்டதுதானே வரும்..."

மன்னர் பாதியில் நிறுத்தினார். முரசறைபவன் வரவழைக்கப்பட்டான்.

"நடுவர் ஓலைக்கு முரசை எதுவரை அடிப்பாய்?"

"ஆத்தங்கரை வரைக்கும் அடிப்பேனுங்க. அதுக்கு மேல போனா வேட்டி நனையுமுங்க."

"இன்றே அக்கரையிலும் அடி."

"பரிசல் வேணுமுங்களே. ஓட்டுறவன் சிறையில இருக்கானுங்க."

மன்னர் மசணனை வெளியே விடச் சொன்னார். முரசு அவன் பரிசலிலேயே அக்கரை போயிற்று. ஓலைகள் வந்தன. மறுபடி குலுக்கியதில் ஐவரில் இருவர் அக்கரைக்காரர்கள். அவர்களில் ஒருவர் மலைத்தேன் எடுப்பவர். முதல் வேலையாக மாட்டுத் தொழுவத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. தொழுவத்துக்குப் பின்னால் சிறுத்தையின் கால்தடமும், கன்று இழுத்துச் செல்லப்பட்ட தடமும் அப்படியே கிடந்தன. வடக்குத் தெரு நடுவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மசணன் விடுதலையானான்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "புலவரே, என்ன பரிசு வேண்டும், கேளும்."

"குடத்தை மடைப்பள்ளியிலிருந்து எடுத்துவிடுங்கள் மன்னா, அது போதும். அத்தனை நாளும் தங்களுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்."