விட்டுப்போன தையல்

டாக்டர் ஜெசிந்தாவிடம் குடல் அறுவை சிகிச்சை கற்றுக்கொள்ள வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் மருதநாயகம் ஒருவர்தான். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் குடல்வாலும் குடலிறக்கமும் அறுத்தே தலை நரைத்து, அதற்கப்புறம் மேல்படிப்புக்கு வந்த மனுஷர். குருவுக்குக் கறுப்பு முடி, சீடருக்கு நரை என்று வார்டில் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். ஜெசிந்தா அவரை 'சார்' என்பார். அவர் 'மேடம்' என்பார். மரியாதை இரண்டு பக்கமும் ஓடியது.

பூரணம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அவருக்கு மலக்குடலில் புற்றுநோய். கட்டியை வெட்டியெடுத்துவிட்டுக் குடலின் இரண்டு முனைகளையும் மருதநாயகம்தான் சேர்த்தார். அவர் தன் கையால் முழுசாகச் செய்த முதல் இணைப்பு அது. ஜெசிந்தா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விட்டு, உள்ளே காற்றடித்துச் சோதித்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. இணைப்பு ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று வயிற்றில் துளை போட்டு, வெளியே தற்காலிகமாக ஒரு பையும் வைத்தார்கள். அன்றைக்கு மருதநாயகம் வார்டுக்கே லட்டு வாங்கிக் கொடுக்காத குறைதான்.

சில நாளில் பூரணத்துக்குக் காய்ச்சல் வந்தது. இடுப்புக்குள் வலி. ஸ்கேன் எடுத்தால், இணைப்பு ஓரிடத்தில் விட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் சீழ் கட்டி ஒரு குழி.

மருதநாயகம் ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். இன்றைக்கே திரும்பத் திறக்கலாம், நானே மறுபடி தைத்துவிடுகிறேன் என்று ஜெசிந்தாவிடம் கெஞ்சினார்.

"புண்ணாகிக் கிடக்கிற சதை நூலைப் பிடிக்காது, சார்," என்றார் ஜெசிந்தா. "பை இருக்கு. காய்ச்சல் மருந்துக்குக் கேக்குது. பொறுமையா ஆற வைப்போம்."

"நான் எங்க தப்பு பண்ணேன், மேடம்?"

ஜெசிந்தா அலமாரியைத் திறந்தார். ஒரு ஸ்பாஞ்சை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அந்த வைத்தியம் பார்க்க எளிமையானது. லேசான மயக்கம் கொடுத்து, ஆசனவாய் வழியாகவே அந்தக் குழிக்குள் ஸ்பாஞ்சை வைப்பார்கள். அதோடு சேர்ந்த குழாய் சீழை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில நாளுக்கொரு தடவை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். குழி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மூடும்.

மருதநாயகம் வேறு யாரையும் அந்த வேலைக்கு விடவில்லை. ஆனால் பூரணம் மயங்கின பிறகுதான் உள்ளே வருவார். கண் விழிப்பதற்குள் போய்விடுவார். ரவுண்ட்ஸில் எல்லோரும் தலைமாட்டில் நின்றால், அவர் மட்டும் கால்மாட்டில் நின்று கேஸ் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தாளில் அப்படி என்னதான் இருந்ததோ.

குழி சுருங்கவில்லை.

ஜெசிந்தா ஒருநாள் வந்து நின்று பார்த்தார். மருதநாயகம் ஸ்பாஞ்சைக் குழி அளவுக்குச் சரியாக வெட்டி, ஒரு சொட்டு சீழும் தங்கக்கூடாது என்று நன்றாக அடைத்து வைக்கப் போனார். ஜெசிந்தா கத்தரியை வாங்கி அதைச் சின்னதாக்கினார்.

"குழி பூரா நீங்களே அடைச்சுக்கிட்டா, அது சுருங்கறதுக்கு இடம் வேணாமா?"

"இதுதான் என் தப்பா, மேடம்?"

"இது ஒண்ணு," என்றார் ஜெசிந்தா. "அந்தம்மா சாப்பிடறதே இல்லையாம். சாப்பிடாத உடம்புல சதை எப்படி வளரும்? சாயந்திரம் ஏன்னு கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

வேறு யாரையாவது அனுப்பலாமே என்றார் மருதநாயகம். ஜெசிந்தா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மருதநாயகம் போனார். கஞ்சி தொடாமல் ஆடை படிந்து கிடந்தது. வழக்கம்போலக் கால்மாட்டில் நின்று, ஏன் சாப்பிடவில்லை என்று கட்டிலைப் பார்த்தே கேட்டார். பூரணம் கஞ்சித் தம்ளரைத் தள்ளி வைத்தார். இளைத்துக் கன்னம் ஒட்டியிருந்தது.

"இன்னும் எதுக்குய்யா சாப்பாடு? நான் பொழைக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் என் மொகத்தையே பாக்க மாட்டேங்கீங்க."

மருதநாயகம் கால்மாட்டை விட்டு வந்தார். முக்காலியை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார்.

"அதில்லம்மா. நான் போட்ட தையல் விட்டுப்போச்சு. உங்க மூஞ்சியில முழிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு."

பூரணம் அவரையே பார்த்தார்.

"நீங்க வெக்கப்பட்டதுக்கு நான் சாகக் கிடந்தேனா?"

அப்புறம் அழுதார். சேலைத் தலைப்பு எட்டவில்லை என்று மருதநாயகத்தின் வெள்ளைக் கோட்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். குழி எவ்வளவு, ஸ்பாஞ்சு எதற்கு, பை எப்போது எடுப்பது, எது தனக்கே தெரியாது. பூரணம் கேட்டுக்கொண்டார். கடைசியில் அந்தக் கஞ்சியை எடுங்க என்றார்.

ஒரு வாய் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தார். உப்பே இல்லை, இதைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தால் பிள்ளைகள் தட்டைத் தூக்கி எறிந்திருக்கும் என்றார். மருதநாயகம் எழுந்துபோய் உப்பு வாங்கி வந்தார்.

அதிலிருந்து தினமும் அந்த முக்காலி தலைமாட்டிலேயே கிடந்தது. கஞ்சியைப் பற்றிப் பூரணத்துக்குப் புகார் குறையவில்லை. ஆனாலும் தம்ளர் காலியாகும். ஸ்பாஞ்சு தடவைக்குத் தடவை சின்னதாகிக்கொண்டே வந்து, ஒருநாள் வைப்பதற்கே இடமில்லாமல் போனது. மாசங்கள் கழித்து, எல்லாம் நன்றாக ஆறிவிட்டது என்று சோதித்துப் பார்த்துவிட்டுப் பையையும் எடுத்தார்கள். குடல் அதன் வழியிலேயே வேலை செய்தது என்று பூரணம் சொன்ன காலையில், மருதநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூரணம் வீட்டுக்குப் போன அன்று, ஜெசிந்தாவோடு கைகழுவிக்கொண்டு நின்றபோது அவர் மறுபடியும் கேட்டார்.

"மேடம், நீங்க இன்னும் சொல்லவே இல்ல. அன்னைக்கு நான் எங்கதான் தப்பு பண்ணேன்?"

ஜெசிந்தா குழாயை மூடினார்.

"தையல்ல தப்பு இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது, சார். பக்கத்துலயே நின்னு பாத்தேன், எதுவும் கண்ணுல படல. நான் போட்டதும் விட்டுப்போயிருக்கு, அதுக்கும் எனக்குக் காரணம் தெரியாது. நீங்க கால்மாட்டுல நின்னீங்க. அது தெரியும்."