முதலாளியோட டப்பாவுக்குக் காட்டின ஊதுபத்தி

சிங்காநல்லூர்ல கார் ரிப்பேர் ஷெட்டு வச்சிருக்கிறவ சுகந்தி. இடத்துக்காரரு வேலுச்சாமி முதலாளி, தும்மினாக்கூட அதிகாரமாத்தான் தும்முவாரு.

இன்ஜின் ஆவியோட வர்ற ஆயிலைப் பிடிக்கிற டப்பா ஒண்ணை அவரே வாங்கி, தன் காருல அவரே மாட்டிட்டாரு. அன்னையிலருந்து வண்டி நின்ன இடத்துலயே இருமுதுன்னு ஷெட்டுக்குக் கொண்டுவந்தாரு.

"டப்பா பாரின் சரக்கு. உன் விரல் பட்டாலும் ஷெட்டைக் காலி பண்ணணும், பழுதைக் கண்டுபிடிக்கலைன்னாலும் காலி பண்ணணும்"னாரு.

"விரலே படாதுங்க முதலாளி. சாமிக்குக் காட்டுற பத்தியை மட்டும் ஒருவாட்டி காட்டிக்கிறனுங்க."

"காட்டு காட்டு! ஊருக் கண்ணெல்லாம் அதுமேலதான்!"

சுகந்தி இன்ஜினை ஓடவிட்டு, டப்பாவைச் சுத்திப் பத்தியைக் கொண்டுபோனா. நேரா மேல போன புகை, மூடிக்கிட்ட வந்ததும் மடங்கி சர்ருனு உள்ள போயிருச்சு.

"மூடி சரியா மூடாம காத்தை உள்ள இழுக்குதுங்க, அதான் இருமல். உங்க கையாலயே திறங்க."

திறந்தா, ரப்பர் வளையத்துமேல குறுக்கால ஒரு கறுப்புக் கயிறு. திருஷ்டிக்குன்னு முதலாளியே வச்சு மூடினது! அவரே அதை உருவிட்டு மூடினதும் இருமல் நின்னுபோச்சு.

"அடுத்தவாட்டி பம்பர்ல கட்டுங்க முதலாளி, இன்ஜின் கழுத்துல கட்டாதீங்க."

ஷெட்டுப் பசங்க சிரிச்ச சிரிப்புல இடத்தைக் காலி பண்ணினது முதலாளிதான். ஹாரன்கூட அடிக்கலையே மனுசன்!