ஓடைக்குளம் பள்ளிக்கூடத்துத் தங்கச் சங்கிலி

ஓடைக்குளத்துக்காரர்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். யோசிக்காமல் அவர்கள் ஒரு காரியமும் செய்வதில்லை. வினையே அந்த யோசனையில்தான் இருக்கிறது.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பொன்னுக்கு வீங்கி புகுந்தது. முதலில் ஒரு பையனின் கன்னம் உப்பியது. பிறகு அவன் பெஞ்சு முழுக்க உப்பியது. தலைமையாசிரியை அருள்மேரி உடனே சுகாதார நிலையத்துக்கு ஆள் அனுப்பினார். அவர் பாடுபட்டு உருவாக்கிய பெண்கள் கபடி அணி அப்போதுதான் முதல்முறையாக மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது.

நர்ஸ் சுலைகா வந்து பார்த்துவிட்டுப் பள்ளிக் கமிட்டியிடம் சொன்னார்: "வீங்கின பிள்ளைகள வீட்டுக்கு அனுப்பிருங்க. வீங்காத பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடணும். எங்ககிட்ட இந்த ஊசி இல்ல, நீங்கதான் வாங்கணும். நோய் பரவினா ஆகுற செலவுக்கு இது ஒண்ணுமே இல்ல."

கமிட்டி என்றால் மூன்று பேர். தலைவர் வெள்ளைப்பாண்டி, பொருளாளர் கோமதிநாயகம், உறுப்பினர் பிச்சைக்கனி.

"வீட்டுக்கு அனுப்பச் சொன்னாங்க, சரி. யார் வீட்டுக்கு?" என்றார் பிச்சைக்கனி.

"அதைச் சொல்லலையேவே," என்றார் வெள்ளைப்பாண்டி.

"பக்கத்துல இருக்கது உங்க வீடுதான் அண்ணாச்சி."

வீங்கிய பிள்ளைகளெல்லாம் வெள்ளைப்பாண்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் காய்ச்சி அவர் மனைவிக்கும் கன்னம் உப்பியது.

அடுத்து ஊசி விவகாரம்.

"ஒருத்தனுக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தனுக்குப் போட முடியாதாமே," என்று வருத்தப்பட்டார் கோமதிநாயகம். "அதெல்லாம் ஒரு பொருளாவே? பொன்னுக்கு வீங்கினா கழுத்துல பொன்னைப் போட்டா இறங்கிரும். ஒரு சங்கிலி வாங்குவோம். பிள்ளைக்குப் பிள்ளை மாத்திக்கிடலாம், காலத்துக்கும் வரும்."

"அந்தச் சங்கிலி விலைக்கு மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஊசி போட்டு, மிச்சத்துல கபடிப் பிள்ளைகளுக்குச் சட்டையும் எடுக்கலாமே சார்," என்றார் அருள்மேரி.

"போட்ட ஊசிய அடகு வைக்க முடியுமா டீச்சர்?"

இதற்கு உங்களால் பதில் சொல்ல முடியுமா?

சங்கிலி வந்தது. காலையில் வீங்கிய பிள்ளைகள் கழுத்தில். மதியம், முன்னெச்சரிக்கையாக, வீங்காத பிள்ளைகள் கழுத்தில். பிள்ளைகள் கழுத்தில் சங்கிலி கிடந்தால் என்ன செய்யும்? வாயில் வைத்துக் கடிக்கும். சங்கிலி போன வகுப்பெல்லாம் வரிசையாக வீங்கியது.

"பாத்தீரா, நோய் எங்க வரப்போகுதுன்னு சங்கிலி கண்டுபிடிச்சு முன்னாடியே போயிருது," என்று பூரித்தார் பிச்சைக்கனி.

கபடி அணியில் ஆறு பேர் வீங்கிவிட்டார்கள். மிஞ்சியது அணித்தலைவி மாரிக்கொழுந்து மட்டும். கமிட்டி மூவரும் அவளைச் சங்கிலியோடு மைதானம் முழுக்க விரட்டினார்கள். ரெய்டில் பேர் போனவள், பிடிபடுவாளா? வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குத் தங்கம் வேண்டாம். ஊசி வாங்கினாத்தான் எறங்குவேன்."

அருள்மேரியும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கமிட்டி கூடிப் பேசி, கடைசியில் ஊசி வாங்கியது. ஒன்றே ஒன்று.

"யாருக்குப் போடணும்?" என்றார் சுலைகா.

வெள்ளைப்பாண்டி பயபக்தியோடு சங்கிலியை நீட்டினார். "இதுக்குப் போடுங்க நர்சம்மா. இது எல்லாப் பிள்ளைகிட்டயும் போய்ட்டு வரும்."

சுலைகா மரத்தை அண்ணாந்து பார்த்து, "எறங்கு தாயி," என்றார். மாரிக்கொழுந்து குதித்தாள், சட்டைக் கையை மடக்கினாள், போட்டுக்கொண்டாள்.

போட்டி நாள் வந்தது. ஓடைக்குளத்து அணி வேனிலிருந்து இறங்கியது. அதாவது மாரிக்கொழுந்து இறங்கினாள். பின்னால் கமிட்டியும் அருள்மேரியும்.

"மத்த ஆறு பேர் எங்க?" என்று கேட்டார் நடுவர்.

வெள்ளைப்பாண்டி சங்கிலியை எடுத்து ஆடுகளத்துக் கோட்டுக்குள் வைத்தார். "ஆறு பேர் கழுத்துலயும் கெடந்தது இதான். அவங்க வந்த மாதிரிதான்."

அருள்மேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நடுவர் கேட்டார்: "சங்கிலி ரெய்டு போகுமா?"

கோமதிநாயகம் நெற்றியைத் தேய்த்து நன்றாக யோசித்தார்.

"போகும். ஆனா பிடிச்சாங்கன்னா திருப்பித் தந்துரணும் சார். பள்ளிக்கூடச் சொத்து."